கியாலோ எஜு: வாதம் கட்ட நல்ல கருவி, பேச்சு எழுத அல்ல

"தொழில்நுட்பம் சமூகத்துக்கு வரமா, சாபமா?" என்ற தலைப்பில் நடக்கும் வகுப்பு விவாதங்களில் பெரும்பாலும் விவாதமே நடப்பதில்லை. ஓர் அணி இணையவழி மருத்துவம், வீட்டிலிருந்தே வேலை, யூபிஐ என்று அடுக்கும். மறு அணி கைபேசி மோகம், இணைய மோசடி, பொய்ச் செய்தி என்று அடுக்கும். யூபிஐயைப் புகழ்ந்தவருக்கு மோசடியைச் சொன்னால் அது பதில்போல ஒலிக்கும், கைதட்டலும் விழும். ஆனால் எந்தக் கருத்தை எது உடைத்தது என்று கேட்டால் நடுவராலும் சொல்ல முடியாது. மணி அடித்ததும் "எல்லாம் நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது" என்ற வழக்கமான தீர்ப்போடு கலைந்துவிடுவார்கள்.

இந்தக் கோளாறுக்குக் கியாலோ எஜு நல்ல மருந்து. விவாதங்களுக்கென்றே 2017இல் தொடங்கிய கியாலோ தளத்தின் வகுப்பறைப் பதிப்பு இது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, கணினியில் பிரவுசர் இருந்தால் போதும். அமைப்பு மிக எளிது. உச்சியில் விவாதத் தலைப்பு ஒரே வாக்கியமாக நிற்கும். அதன் கீழே இடப்பக்கம் பச்சையில் ஆதரவுக் கருத்துகள், வலப்பக்கம் சிவப்பில் எதிர்க்கருத்துகள். எந்தக் கருத்தைச் சொடுக்கினாலும் அது தலைப்பின் இடத்துக்கு ஏறிவிடும். அதற்கென்று தனியாகப் பச்சையும் சிவப்பும் விரியும். இப்படிக் கிளைவிடும் மரம்போலப் படிப்படியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கலாம். ஒட்டியும் வெட்டியும் பேசுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாதங்களைத் தேடவும், அவற்றின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கவும் இரண்டு பாடவேளைகளுக்கு இதைவிட நல்ல கருவி எளிதில் கிடைக்காது. அதற்குப் பிறகும் இதிலேயே உட்கார்ந்திருந்தால் பேச்சு கெட்டுவிடும். மேடையில் எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எவ்வளவு நேரத்தில் முடிப்பது என்பதில் இந்த மரம் வாயே திறக்காது.

தலைப்பு சரியில்லை என்றால் மரமே சொல்லிவிடும்

"வரமா சாபமா" தலைப்பை இதில் போட்டுப் பாருங்கள். முதல் படியில் முப்பது கருத்துகள் குவியும், இரண்டாம் படியில் ஒன்றும் இருக்காது. மரம் பக்கவாட்டில் மட்டும் வளர்ந்தால் தலைப்பு பழுது என்று பொருள். நல்ல தலைப்பில் நான்கு விடைகள் இருக்க வேண்டும்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், யாருக்கு, எங்கே. உதாரணமாக:

"16 வயது நிரம்பாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குத் தரக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் வர வேண்டும்."

இதில் வயது இருக்கிறது, நாடு இருக்கிறது, "சட்டம்" என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல் இருப்பதால் "சமூக ஊடகம் கெடுதல்" என்று மட்டும் நிரூபித்துவிட்டு உட்கார முடியாது. அந்தக் கெடுதலுக்குச் சட்டம்தான் மருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். விவாதம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

விவாதத்தைத் தொடங்கும்போது தளம் ஒற்றைத் தலைப்பா, பல தலைப்புகளா என்று கேட்கும். அணி பிரித்துப் பேசப்போகிறீர்கள் என்றால் ஒற்றையைத் தேர்ந்தெடுங்கள். "சமூக ஊடகத்தைக் கட்டுப்படுத்தச் சிறந்த வழி எது?" என்பதுபோல் பல விடைகள் உள்ள கேள்விக்கு மட்டும் மற்றது. ஆயத்தத் தலைப்புகளின் நூலகமும் உண்டு. அவை ஆங்கிலத்தில் ஏற்கெனவே வாதங்களோடு வரும் என்பதால் வகுப்புக்கு முன் ஆசிரியர் புரட்டிப் பார்க்க நல்லவை. மாணவர்களிடம் அப்படியே கொடுத்தால் மொழிபெயர்ப்புப் பயிற்சியாக முடிந்துவிடும்.

ஏற்பாடு

நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு உகந்த முறை இது. ஆசிரியர் தலைப்போடு இரண்டு ஆதரவு, இரண்டு எதிர்ப்பு என்று நான்கு விதைக் கருத்துகளைத் தானே போட்டு வைக்க வேண்டும். விதை இல்லாமல் திறந்துவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் "மாணவர்கள் படிப்பு கெடும்" என்ற ஒரே கருத்து பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் வந்து நிற்கும். அவற்றைத் துடைத்தெடுக்கவே பாடவேளை போய்விடும்.

பிறகு அனுமதிகள். அட்மின், எடிட்டர், ரைட்டர், சஜஸ்டர், வியூவர் என்று ஐந்து படிகள் இருக்கின்றன. முதல் நாள் எல்லோரையும் சஜஸ்டராக வையுங்கள். அவர்கள் எழுதுவது உடனே மரத்தில் ஏறாது, பரிந்துரையாக நிற்கும். அணித் தலைவர்கள் எடிட்டராக இருந்து ஏற்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். திருப்பும்போது காரணம் எழுதச் சொல்வதே தனிப் பயிற்சி. இரண்டாம் நாள், தாங்களே நேரடியாக மரத்தில் எழுதும் ரைட்டராக உயர்த்திவிடலாம். எழுதியவர் பெயர் தெரியாமல் நடத்தும் வசதியும் இருக்கிறது. வகுப்பில் எப்போதும் முதலிடம் வாங்குபவரின் கருத்தை வெட்டத் தயங்குகிறவர்கள் அப்போது துணிந்து வெட்டுவார்கள். அதே வசதியால் கேலிக் கருத்துகளும் வரும். சஜஸ்டர் நிலை அதற்குத் தடுப்பணை.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் தனி மரம் கொடுக்கலாம். ஒரு மரத்தில் பத்துப் பேர் சுகம். இருபதைத் தாண்டினால் யார் எங்கே எழுதுகிறார் என்று பின்தொடர்வது கடினம்.

பதிவு செய்யும்போது மாணவர்களின் முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் தேவையில்லை. வரிசை எண்ணோ புனைபெயரோ போதும். தரவுப் பாதுகாப்பைப் பற்றி விவாதிக்கும் வகுப்பு இதிலிருந்தே தொடங்கலாம்.

மரம் எப்படி வளர வேண்டும்

மேலே சொன்ன தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆதரவு அணியின் முதல் கருத்து: "பொறுப்பை நிறுவனங்களின் தலையில் வைத்தால் வயதுத் தடை நடைமுறைக்கு வரும்." இதற்குச் சான்று ஆஸ்திரேலியா. 2024 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நிறுவனம் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் அபராதம் 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும். எதிர் அணியில் யாராவது ஒருவர் "குழந்தைகளைக் குற்றவாளிகளாக்கும் சட்டம்" என்று பேசப்போவது உறுதி. அந்த ஒரு வரி அவரை அங்கேயே நிறுத்திவிடும்.

இதன் கீழே சிவப்பில் என்ன வரும்? தென்கொரியா. அங்கே 2011இல் வந்த சட்டம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாளப் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். காலப்போக்கில் எல்லோரும் கைபேசி விளையாட்டுக்கு மாறினார்கள், அதைச் சட்டம் தொடவில்லை. 2021இல் அரசே அதைக் கைவிட முடிவெடுத்து, 2022 தொடக்கத்தில் அது நீங்கியது. "நிறுவனத்தைக் கட்டிப்போட்டாலும் வீட்டில் அம்மாவின் எண் கிடைக்கும்" என்பது கனமான வெட்டு. அதன் கீழே மூன்றாம் படியில் ஆதரவு அணி எழுத வேண்டியது: கொரியா தடுத்தது குறிப்பிட்ட சில மணி நேரத்தை, இங்கே பேசுவது கணக்கையே, ஒரு நாள் இரவு ஆட அம்மாவின் எண் போதும், ஆனால் நண்பர்களோடு நாள்தோறும் புழங்க அம்மாவின் பெயரில் கணக்கு சரிப்படாது. இது ஏற்கத்தக்க பதிலா என்பது வேறு கேள்வி. பதில் என்ற ஒன்று இருக்கிறது, அது உரிய இடத்தில் நிற்கிறது என்பதுதான் இங்கே பெரிது.

எதிர் அணியின் முதல் கருத்து பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இந்தியாவில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது." உண்மைதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதன் கீழே வரும் வெட்டு: இது தரவைப் பற்றிய சட்டம். பெற்றோர் ஒப்புக்கொண்டால் கணக்குத் திறப்பதை இது தடுக்காது. ஆகவே தலைப்பு கேட்பது இதில் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் மேடை ஏறும் ஆதரவு அணி முதல் சுற்றிலேயே சரிந்துவிடும்.

ஆய்வு முடிவுகள்தான் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம். 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு பிரிட்டன், அமெரிக்க வளரிளம் பருவத்தினர் 3,55,358 பேரின் தரவை அலசியது. அவர்களுடைய மனநலனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக் கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றது. எதிர் அணிக்கு இது தங்கம். ஆனால் அதன் கீழே இரண்டு சிவப்புக் கருத்துகள் வந்தாக வேண்டும். ஒன்று, அது டிஜிட்டல் பயன்பாடு முழுவதையும் பார்த்தது, சமூக ஊடகத்தை மட்டும் அல்ல. இரண்டு, அது சராசரி; பத்துப் பேரில் ஒருவருக்குப் பெரும் பாதிப்பு இருந்தாலும் சராசரியில் அது கரைந்துவிடும்.

ஆதரவு அணிக்கான எதிர்ச்சான்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரை: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனநலக் குறைவுக்கான வாய்ப்பு இரட்டிப்பு. இதற்கும் வெட்டு உண்டு. மனம் சோர்ந்தவர்கள் அதிக நேரம் அங்கே ஒதுங்குகிறார்களா, அங்கே இருப்பதால் சோர்கிறார்களா என்பதை அந்த எண் சொல்லாது. அதே ஆவணம் சமூக ஊடகத்தின் நன்மைகளையும் பட்டியலிடுகிறது. சான்றைக் காட்டும் அணி அந்தப் பகுதியைப் படிக்காமல் வந்தால், படித்துவிட்டு வந்த எதிர் அணி அதே தாளை எடுத்து வாசிக்கும்.

ஒவ்வொரு கருத்துக்கும் மூலத்தின் இணைப்பையும், அதிலிருந்து தேவையான வரியையும் சேர்த்து வைக்கும் வசதி தளத்தில் இருக்கிறது. வரியைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். இணைப்பு மட்டும் போதும் என்றால் செய்தித்தாளின் முகப்புப் பக்கத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கே கெடும்

முதல் தவறு, ஒரே பெட்டியில் இரண்டு கருத்து. "சமூக ஊடகம் தூக்கத்தைக் கெடுக்கிறது, மேலும் தனிநபர் தரவைத் திருடுகிறது" என்று எழுதினால், தூக்கத்தைப் பற்றி யாராவது கீழே வெட்டும்போது தரவைப் பற்றிய பாதி தப்பித்துக்கொள்ளும். "மேலும்", "அதோடு", "மட்டுமல்லாமல்" என்ற சொற்கள் வந்தால் பெட்டியை இரண்டாக வெட்டுங்கள். இப்படிப்பட்டவற்றைக் காரணத்தோடு கொடியிட்டு மறுபரிசீலனைக்கு அனுப்பும் பொத்தான் இருக்கிறது. மாணவர்களிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, இடம் மாறி உட்காரும் கருத்து. ஆஸ்திரேலியாவுக்கான பதிலை ஆஸ்திரேலியாவின் கீழே வைக்காமல் உச்சித் தலைப்பின் கீழே சிவப்பில் வைப்பார்கள். புதிதாகப் பழகும் வகுப்பில் இதுதான் மிகுதி. சோதிக்க ஒரு வழி: மேலே உள்ள கருத்தை வாசித்து, "ஏனென்றால்" என்று சொல்லி, கீழே உள்ள பச்சைக் கருத்தை வாசியுங்கள். வாக்கியம் ஓடினால் இடம் சரி. சிவப்புக்கு "அது பொருந்தாது, ஏனென்றால்" என்று சேர்த்து வாசியுங்கள். தடுக்கினால் வேறு கிளைக்கு இழுத்துவிடுங்கள். ஒரே கருத்து இரண்டு கிளைகளுக்குப் பொருந்தினால் மறுபடி தட்ட வேண்டாம்; ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் இணைத்துக் காட்டலாம்.

மூன்றாவது, எழுத்து வரம்பு. ஒரு கருத்துக்கு 500 எழுத்துக்குறிதான். ஆங்கிலத்துக்கு இது தாராளம், தமிழுக்குச் சற்று இறுக்கம். நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதில் கணினி மெய்யைத் தனியாகவும், கொம்பு, கால், புள்ளியைத் தனியாகவும் எண்ணும். "தொழில்நுட்பம்" நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. ஆக ஒரு பெட்டியில் ஐம்பது அறுபது தமிழ்ச் சொற்களுக்கு மேல் கொள்ளாது. இதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. அடைமொழிகளை உதிர்த்தால்தான் கருத்து பெட்டிக்குள் நுழையும். "இன்றைய நவீன அறிவியல் யுகத்தில்" என்ற தொடக்கம் தானாகவே ஒழிந்துபோகும்.

நான்காவது, வாக்குப் பதிவு. ஒரு கருத்து தன் மேற்கருத்தை எவ்வளவு அசைக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பிடலாம். மாணவர்கள் இதைப் பிடித்தது, பிடிக்காதது என்று எடுத்துக்கொள்வார்கள். நண்பன் எழுதியதற்கு 4 விழும். "இது உண்மை என்றே வைத்துக்கொள். அப்போது மேலே உள்ளது எவ்வளவு ஆட்டம் காணும்?" என்று ஒருமுறை எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உண்மையான கருத்துக்கும் 0 விழலாம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஒரு பக்கம் மட்டும் தழைக்கும் மரமும் தொல்லைதான். அணி பிரித்த கையோடு தளத்தைத் திறந்தால் அவரவர் தம் நிறத்தை மட்டும் நிரப்புவார்கள். ஆகவே அணியை இரண்டாம் நாள் முடிவில் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதவரை எல்லோரும் இரண்டு பக்கமும் உழைப்பார்கள்.

கைபேசியில் இதைச் செய்ய முடியும், ஆனால் மூன்றாம் படிக்குக் கீழே போனால் சின்னத் திரையில் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். பெரிய திரையில் மேலே தெரியும் சிறு வரைபடமும் வட்ட வரைபடமும் அதற்கு உதவும். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் இருவருக்கு ஒரு கணினி என்றாலும் தாராளமாக நடத்தலாம்.

மரத்திலிருந்து மேடைக்கு

இதுவரை பாராட்டு. இனி கருவியை மூடிவிட்டுத் தாளை எடுக்க வேண்டும். மரத்தைப் பார்த்தபடியே பேச்சு எழுதும் மாணவர் ஏழு கருத்துகளை வரிசையாக அடுக்குவார். மூன்று நிமிடத்தில் ஏழு என்றால் ஒன்றுக்கு இருபத்தைந்து விநாடி. "முதலாவதாக, இரண்டாவதாக" என்று போகும் அந்த உரையில் கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. இன்னொரு கெடுதலும் உண்டு. எதிர் அணி சொல்லாத வாதத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, தன் பக்கத்தைச் சொல்லவே நேரமில்லாமல் இறங்குவார்.

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு முதல் நூற்றுப்பத்துச் சொற்கள் ஓடும். மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல் கணக்கு. அதை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் நாற்பது, முதல் கருத்து நூறு, இரண்டாவது நூறு, எதிர் அணியின் மிகப் பலமான ஒரே ஒரு வாதத்துக்குப் பதில் நாற்பது, முடிப்பு இருபது. இரண்டே கருத்துதான். எந்த இரண்டு? கீழே பச்சை அதிகம் உள்ளவை அல்ல. பதிலில்லாமல் நிற்கும் சிவப்பு குறைவாக உள்ளவை. ஒவ்வொரு கிளையின் நுனிக்கும் போய்ப் பாருங்கள். நுனியில் சிவப்பு நின்றால் அந்தக் கிளை அந்தப் பக்கத்தில் இன்னும் திறந்திருக்கிறது. மற்ற கருத்துகளை இரண்டாம், மூன்றாம் பேச்சாளர்களுக்குப் பங்கிட்டுவிடலாம். ஒருவர் சட்டம், ஒருவர் மனநலம், ஒருவர் நடைமுறை என்று பிரித்தால் ஒரே சான்றை மூவரும் சொல்லும் பழைய சங்கடம் இருக்காது.

எழுதிய கருத்தைப் பேசும் தமிழாக்குவது அடுத்தது. "குழந்தைகளின் தரவுகள் நிறுவனங்களால் சேகரிக்கப்படுகின்றன" என்பது பெட்டிக்குச் சரி. மேடையில் "உங்கள் தம்பி எந்தக் காணொளியில் எத்தனை விநாடி நின்றான் என்பது உங்களுக்குத் தெரியாது, அந்த நிறுவனத்துக்குத் தெரியும்" என்றால்தான் பின்வரிசை நிமிரும். எண்களையும் காதுக்கு மாற்ற வேண்டும். 49.5 மில்லியன் என்பதை மாணவர்கள் பதற்றத்தில் நாற்பத்தொன்பது கோடி என்று வாசித்துவிடுவார்கள். அது 4 கோடியே 95 லட்சம். "ஏறக்குறைய ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலர்" என்று தாளிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு. 3,55,358 பேர் என்பதை "மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்" என்றால் போதும். முழு எண்ணை நடுவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

மறுப்புரைக்கு மட்டும் மரத்தை மறுபடி திறக்கலாம். எதிர் அணி சொல்லக் கூடிய ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அட்டை. மேலே அவர்கள் வாதம், கீழே நம் பதில், ஓரத்தில் சான்று. பேசும்போது வரிசை: அவர்கள் சொன்னது இது, அது ஏன் நிற்காது, ஆகவே தலைப்பில் என்ன மாறுகிறது. மூன்றாவதை விட்டுவிடுபவர்களே அதிகம். எதிரியின் வாதத்தைச் சொல்லும்போது அவர் சொன்னதைவிடப் பலவீனமாக்கிச் சொல்லாதீர்கள்; வகுப்புத் தோழர்கள் இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

45 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும் ஒழுங்கு: தொடக்க வாக்கெடுப்பு 3 நிமிடம், ஆறு பேர் மாறி மாறி மும்மூன்று நிமிடம், குறிப்பெடுக்க 2, அணிக்கு மூன்று நிமிடமாக மறுப்புரை, அவையிலிருந்து கேள்வி 5, அணிக்கு ஒன்றரை நிமிடமாக முடிவுரை, மறுவாக்கெடுப்பு 2, நடுவர் 5. மொத்தம் 44. உங்கள் பாடவேளை 40 நிமிடம் என்றால் அவைக் கேள்வியை எடுத்துவிடுங்கள், மறுப்புரையில் கை வைக்காதீர்கள். வெற்றி யாருக்கு என்பதை மொத்த வாக்கை வைத்துப் பார்க்காமல், முதல் வாக்குக்கும் இரண்டாம் வாக்குக்கும் இடையில் எந்தப் பக்கம் கூடியது என்று பாருங்கள். பதினாறு வயதுக்காரர்கள் நிறைந்த வகுப்பில் சமூக ஊடகத் தடைக்கு எதிராகத்தான் பெரும்பான்மை இருக்கும். மொத்த வாக்கை எண்ணினால் ஆதரவு அணி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் தோற்கும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

பிரிட்டானிகாவின் புரோகான் தளத்தில் இரு தரப்பு வாதங்களும் சான்றுகளோடு ஆயத்தமாகக் கிடைக்கும். தலைப்பைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் அங்கே செலவிடுவது நல்லது. ஆனால் அது படிக்கும் இடம். யாரும் யாரையும் வெட்டுவதில்லை. அமெரிக்கச் சூழல் மிகுதி என்பதால் இந்தியச் சட்டத்துக்கு வேறு இடம் தேட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் "மூன்று நிமிடப் பேச்சு எழுதிக் கொடு" என்று கேட்டால் வழவழப்பான உரை வரும். இல்லாத ஆய்வுகளையும் அது நம்பும்படி எழுதிவிடும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தில் போய்ப் பார்க்க வேண்டும்; அந்த உழைப்புக்குத் தானே எழுதிவிடலாம். அதை எதிர் அணியாக வைத்துக்கொள்வது மேல். உங்கள் கருத்தைக் கொடுத்து "இதை உடை" என்று கேளுங்கள், வரும் வெட்டுகளில் உருப்படியானவற்றைச் சரிபார்த்துச் சிவப்பில் ஏற்றுங்கள். உரையாடியிடமிருந்து அப்படியே எடுத்து மரத்தில் ஒட்டிய கருத்தைக் கண்டுபிடிப்பது எளிது: கேட்டால் எழுதியவரால் அதன் கீழே ஒரு பச்சைகூட வைக்க முடியாது.

இணையம் இல்லாத வகுப்பில் சுவரும் இரண்டு நிறத் தாளும் போதும். தலைப்பை மேலே ஒட்டி, பச்சைத் தாளில் ஆதரவு, சிவப்பில் எதிர்ப்பு, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகலாம். ஒரே ஒரு கணினியும் புரொஜெக்டரும் இருந்தால் மாணவர்கள் தாளில் எழுதிக் கொடுக்க, ஒருவர் தட்டச்சு செய்யலாம். சுவரில் ஒட்டும்போது இழப்பது கிளையை இழுத்து இடம் மாற்றும் சுலபம் மட்டுமே. ஆறேழு பேர் உள்ள சிறு குழுவுக்குச் சுவரே மேல் என்றும் சொல்லலாம். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று சண்டை போடுவார்கள்.

தனியாள் பேச்சுப் போட்டிக்கு மட்டும் தயாராகிறவருக்கு இந்தத் தளம் தேவையில்லை. எதிர்ப் பேச்சாளர் இல்லாத இடத்தில் மூன்றாம் படி வரை தோண்டுவதற்கு ஆகும் நேரத்தை, வாய்விட்டு நான்கைந்து முறை பேசிப் பழகுவதில் செலவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், இரண்டு பாடவேளை ஒதுக்க முடிகிற, அணி பிரித்து மோதப்போகிற வகுப்புக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

விவாதம் முடிந்ததும் மரத்தை உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தலைப்பை எடுப்பதென்றால் மரத்தை நகலெடுத்து, முதல் படிக் கருத்துகளை மட்டும் விட்டுவிட்டுக் கீழே உள்ளவற்றை நீக்கிக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியச் சட்டம் போன்ற சான்றுகளின் நிலவரம் மாறிக்கொண்டிருப்பதால், பழைய இணைப்புகளைப் புதுப்பிப்பதையே புதிய வகுப்பின் முதல் வேலையாக வைத்துவிடலாம்.